கடல் காவலும் கரைக் காவலும்: வளைகுடா அரபுச் சிற்றரசுகளில் பிரிட்டிஷ் கொள்கை (1919–1939)

முன்னுரை

முதல் உலகப் போர் முடிந்தபோது, பாரசீக வளைகுடாவின் அரபுக் கரையில் பிரிட்டனுக்குப் போட்டியாக எந்த வல்லரசும் எஞ்சவில்லை. உதுமானியப் பேரரசு சிதறியது; ஜெர்மனி தோற்றது; ரஷ்யா உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்தது. ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகளில்தான் குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் முன்னோடிகளான கரையோரச் சிற்றரசுகள் ஆகியவற்றுக்குள் பிரிட்டிஷ் கை முன்னைவிட ஆழமாக நுழைந்தது. போட்டி மறைந்த காலத்தில் தலையீடு ஏன் பெருகியது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. ‘உள்விவகாரங்களில் தலையிடாமை’ என்று அதிகாரிகள் ஓயாமல் சொல்லிவந்த நெறி, பேரரசின் தேவைக்கேற்பக் கையாளப்பட்டது. வான்வழியும் எண்ணெயும் அந்தத் தேவையைக் கடலிலிருந்து கரைக்கு நகர்த்தின. அதன் விளைவாக ஆட்சியாளர் வலுப்பெற்றனர். குடிகளின் குரல் மட்டும் காவலுக்கு வெளியே நின்றது.

உடன்படிக்கைகளும் நிர்வாகமும்

காவல் உறவின் வேர் 1820ஆம் ஆண்டின் பொது அமைதி உடன்படிக்கையில் இருக்கிறது. 1853இல் கடல் போர்நிறுத்தம் நிரந்தரமாக்கப்பட்டது. 1892இல் கரையோர ஷேக்குகளும் பஹ்ரைன் ஆட்சியாளரும் பிரிட்டனின் இசைவின்றி வேறு எந்த அரசோடும் உறவு கொள்வதில்லை என்றும், தம் நிலத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் உறுதியளித்தனர். 1899இல் குவைத்தும் 1916இல் கத்தாரும் இந்த வரிசையில் சேர்ந்தன. கத்தார் உடன்படிக்கை கடல்வழித் தாக்குதலுக்கு எதிராகவே பாதுகாப்பு அளித்தது. தரைவழித் தாக்குதல் நேர்ந்தால் நல்லெண்ண முயற்சிகள் மட்டுமே செய்யப்படும் என்றது. கடலைத் தன் பொறுப்பில் வைத்து, பாலைவனத்தை அதன் போக்கில் விட்டுவிடுவதே அதுவரை இருந்த வழக்கம்.

இவ்வுறவை நடத்தியது இந்திய அரசாங்கம். சமஸ்தானங்களைக் கண்காணித்த அதே துறையின் அதிகாரிகளே வளைகுடாவுக்கும் அனுப்பப்பட்டனர். திருவிதாங்கூர் வரலாறு அறிந்தவர்களுக்குப் பழக்கமான ‘ரெசிடெண்ட்’ பதவி இங்கும் இருந்தது. அவர் பாரசீகக் கரையிலிருந்த புஷயரில் அமர்ந்திருந்தார். அவருக்குக் கீழே பஹ்ரைன், குவைத், மஸ்கட் ஆகிய இடங்களில் அரசியல் ஏஜெண்டுகள் இருந்தனர். ஷார்ஜாவில் அந்தப் பொறுப்பு அரபு ஏஜெண்டு ஒருவரிடமே விடப்பட்டது. புழங்கிய பணம் இந்திய ரூபாய். போருக்குப் பின் லண்டனின் குடியேற்ற நாட்டு அலுவலகமும் விமானத் துறையும் கடற்படையும் இதில் பங்கு கேட்டன. ஒரே கரைக்குப் பல எசமானர்கள் உருவாயினர்.

தலையீட்டின் இரு முகங்கள்

1922ஆம் ஆண்டின் இறுதியில் உகைரில் நடந்த மாநாடு, காவலின் விலையைக் குவைத்துக்குக் காட்டியது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன் ஜஹ்ராவில் நஜ்து ஆட்சியாளர் இப்னு சவூதின் இக்வான் படையின் தாக்குதலைக் குவைத் தாங்கிநின்றபோது, பிரிட்டிஷ் கப்பல்களும் விமானங்களும் துணைக்கு வந்தன. ஆனால் உகைரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் பெர்சி காக்ஸ் எல்லை வகுத்தபோது, குவைத் தன்னுடையது என்று கருதிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்னு சவூதுக்குப் போனது. குவைத் ஆட்சியாளர் ஷேக் அஹ்மத் அல்-ஜாபிர் அங்கே இல்லை. அவர் சார்பில் இருந்தவர் பிரிட்டிஷ் அரசியல் ஏஜெண்டு மேஜர் மோர். காவல் பெற்ற நாட்டின் நிலம், காவலருக்கு வேண்டிய பெரிய நட்புக்கு ஈடாயிற்று. 1927 ஜித்தா உடன்படிக்கையில் இச்சிற்றரசுகளோடு நட்புறவு பேணுவதாக இப்னு சவூது வாக்களித்தார். எல்லைகளை அவ்வாக்குறுதி வரையறுக்கவில்லை.

பஹ்ரைனில் தலையீடு நேரடியாகவே நிகழ்ந்தது. ஷியா உழவர்கள்மீது சுமத்தப்பட்ட தனி வரிகளும் முத்துக் குளிப்போரைத் தலைமுறையாகப் பிணைத்த கடன்களும் கடும் மனக்குறையை வளர்த்திருந்தன. அரசியல் ஏஜெண்டு மேஜர் டெய்லி சீர்திருத்தத்தை வற்புறுத்தினார். 1869 முதல் ஆண்டுவந்த ஷேக் ஈசா பின் அலி இணங்காதபோது, 1923 மே மாதம் அவரிடமிருந்து ஆட்சிப் பொறுப்பு பறிக்கப்பட்டு மகன் ஹமதிடம் ஒப்படைக்கப்பட்டது. 1926இல் சார்லஸ் பெல்கிரேவ் ஆலோசகராக வந்தார். 1957 வரை இருந்தார். சுங்கமும் நீதிமன்றமும் முத்துக் குளிப்புக் கணக்கும் ஒழுங்குபெற்றன. இவற்றால் எளியோருக்குக் கிடைத்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் பஹ்ரைன்மீது உரிமை கோரிய பாரசீகத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது என்ற கவலையும் இச்சீர்திருத்தத்தை உந்தியது.

அதே காலத்தில் அபுதாபியில் 1922 முதல் 1928 வரை மூன்று ஆட்சியாளர்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். அங்கே அதிகாரிகள் குடும்பப் பூசலுக்கு வெளியே நின்றனர். பாரசீகத்தின் தென்மேற்கிலிருந்த முஹம்மராவின் ஷேக் கஸ்அல் பிரிட்டனின் உறுதிமொழிகளை நம்பியிருந்தவர். 1925இல் பாரசீகப் பிரதமர் ரிசா கானின் ஆட்கள் அவரைத் தெஹ்ரானுக்குப் பிடித்துச் சென்றபோது பிரிட்டன் தடுக்கவில்லை. பாரசீகத்தின் மைய அரசு வலுப்பெற்ற பின் அவருடைய பயன் தீர்ந்திருந்தது. நுழைவதா ஒதுங்குவதா என்பதைப் பேரரசின் நலனே முடிவு செய்தது.

வான்வழியும் எண்ணெயும்

இந்தியாவுக்கான விமானப் பாதை 1929 முதல் பாரசீகக் கரை வழியே சென்றது. அந்த அனுமதி தொடராததால், 1932இல் பாதை அரபுக் கரைக்கு மாறியது. ராஸ் அல்-கைமாவும் துபாயும் இடம் தர மறுத்தன. ஷார்ஜாவின் ஷேக் சுல்தான் பின் சக்ர் 1932 ஜூலையில் ஒப்புக்கொண்டு, மாத வாடகையும் தனி மானியமும் பெற்றார். அக்டோபரில் முதல் விமானம் இறங்கியது. விமானத்துக்கு இறங்குதளமும் தங்குமனையும் காவலாளரும் வேண்டும். இவை எல்லாம் நிலத்தில்தான் அமையும். 1936இல் கல்பா தனிச் சிற்றரசாக அங்கீகரிக்கப்பட்டதற்கு அங்கே ஓர் இறங்குதளம் தேவைப்பட்டதே காரணம். புதிய ‘அரசு’ ஒன்றையே ஒரு விமானத் தேவை தோற்றுவித்தது.

எண்ணெய் இந்த மாற்றத்தை முழுமையாக்கியது. பிரிட்டனின் இசைவின்றி எண்ணெய் உரிமம் தருவதில்லை என்று குவைத்தும் பஹ்ரைனும் போருக்கு முன்பே, கரையோர ஷேக்குகள் 1922இல், எழுதிக்கொடுத்திருந்தனர். 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கண்டெடுத்த அமெரிக்க நிறுவனம், பிரிட்டிஷ் நிபந்தனைக்காகக் கனடாவில் பதிவு செய்துகொண்டது. 1934இல் குவைத் உரிமம் ஆங்கிலோ-பாரசீக நிறுவனமும் அமெரிக்க கல்ஃப் நிறுவனமும் இணைந்து அமைத்த கம்பெனிக்குக் கிடைத்தது. 1935 மே மாதம் கத்தார் உரிமம் கையெழுத்தானபோது, 1916இல் மறுக்கப்பட்ட தரைவழிப் பாதுகாப்பும் கூடவே வந்தது. அபுதாபி 1939 ஜனவரியில் 75 ஆண்டு உரிமம் வழங்கியது. எண்ணெய் எடுக்க எல்லை தெளிவாக வேண்டும். உரிமத்தில் கையெழுத்திட ஒரே ஆள் வேண்டும். மேய்ச்சலும் கிணறும் கபிலா விசுவாசமும் தீர்மானித்த நெகிழ்வான ஆளுகை, கோடு கிழித்த நிலப்பரப்பாக இறுகத் தொடங்கியது.

உரிமத் தொகை ஆட்சியாளரின் கைக்கே போனது. 1929க்குப் பிந்தைய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் ஜப்பானிய வளர்ப்பு முத்தும் முத்து வணிகத்தை முறித்தன. அவ்வணிகத்தால் செல்வமும், ஷேக்கிடம் ஆலோசனை சொல்லும் உரிமையும் பெற்றிருந்த வணிகக் குடும்பங்கள் அடித்தளம் இழந்தன.

1938: குடிகளின் கேள்வி

அந்த வணிகக் குடும்பங்கள் 1938இல் பதில் கேட்டன. குவைத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மஜ்லிஸ் (மன்றம்) நிதியையும் சுங்கத்தையும் தன் பொறுப்பில் எடுக்க முயன்றது; டிசம்பரில் அது கலைக்கப்பட்டது. துபாயில் அக்டோபரில் அமைந்த மஜ்லிஸ், வருவாயில் எட்டில் ஒரு பங்கை மட்டும் ஆட்சியாளருக்கு ஒதுக்கி, பள்ளிகளையும் நகர நிர்வாகத்தையும் தொடங்கியது. 1939 மார்ச்சில் அது ஆயுத பலத்தால் முடிவுக்கு வந்தது. பஹ்ரைனில் கோரிக்கை எழுப்பிய தலைவர்கள் சிலர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். குவைத் இயக்கத்துக்குத் தொடக்கத்தில் பரிவு காட்டிய அதிகாரிகள், எண்ணெயும் வெளியுறவும் மஜ்லிஸின் கைக்குள் வரக்கூடும் என்று கண்டதும் விலகிக்கொண்டனர். துபாயில் தலையிடாமை நெறி மீண்டும் நினைவுக்கு வந்தது. ஒரு முதிய ஆட்சியாளரை 1923இல் விலக்க முடிந்த பேரரசு, 1939இல் ஒரு மன்றத்தைக் காக்க முன்வரவில்லை.

முடிவுரை

இவ்விருபது ஆண்டுகளில் காவலின் பொருள் மூன்று வகையில் மாறியது. கடலோடு நின்ற பொறுப்பு வானுக்கும் நிலத்துக்கும் விரிந்தது. கபிலாத் தலைமை எல்லைக்கோடுள்ள அரசுரிமையாக உருமாறியது. ஆலோசனைக்குக் கட்டுப்பட்ட ஷேக், தனி வருவாயும் வெளிநாட்டு ஆதரவும் உடைய ஆட்சியாளரானார். எண்ணெய் மட்டுமே இந்த ஆட்சிமுறையை உருவாக்கியது என்று சொல்வது பொருந்தாது. பெரும்பாலான சிற்றரசுகளில் எண்ணெய் பாயும் முன்பே, ஆட்சியாளர் ஒருவரோடு மட்டும் பேசிய உடன்படிக்கைகளும் உரிமங்களும் அதற்கு வடிவம் தந்துவிட்டன. வளைகுடாவின் இன்றைய அரசியலை ஆராய்வோர், 1938இல் மஜ்லிஸ்களில் கூடியவர்களையும் அந்த ஆவணங்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்; அரபுக் கரைக்கு வேறு பாதையும் திறந்திருந்தது என்பதற்கு அவர்களே சான்று.