குப்பிக்கு முத்திரை, ஆய்வுக்குக் கூலி: சுற்றுச்சூழல் ஆய்வகங்களின் அரசு அங்கீகாரம், 1974 முதல்

1974ஆம் ஆண்டின் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒரு தொழிற்கூடத்தின் கழிவுநீரை எப்படி மொள்ள வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. அதிகாரி, அந்த நீரைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப்போவதாகப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் கண்ணெதிரில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, தனித்தனிக் கலன்களில் ஊற்றி, முத்திரை வைக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு கலன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிறுவிய அல்லது அங்கீகரித்த ஆய்வகத்துக்குப் போகும். பொறுப்பாளர் கேட்டுக்கொண்டால் மற்றொன்று, அரசு அறிவிக்கை செய்த ஆய்வகத்துக்குப் போகும். இரண்டு முடிவுகளும் முரண்பட்டால் அரசு அறிவிக்கை செய்த ஆய்வகத்தின் அறிக்கையே செல்லும் என்கிறது 22ஆம் பிரிவு. இரண்டாவது ஆய்வின் செலவு அதைக் கேட்டவருடையது. கொடுக்கத் தவறினால் நிலவரி நிலுவைபோல வசூலிக்கலாம்.

ஆய்வகத்தை யார் அங்கீகரிப்பது, எதைப் பார்த்து அங்கீகரிப்பது, கூலியை யார் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த இரண்டு பிரிவுகளில் முதல் விடை இருக்கிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் முதலிரண்டு கேள்விகளுக்கான விடைகள் மேலும் மேலும் இறுகின. மூன்றாவது மட்டும், யாரும் விவாதித்து முடிவெடுக்காமலேயே, வாரியத்தின் கையிலிருந்து ஆலைக்காரர் கைக்கு நழுவியது. அந்த நழுவலைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் வேலை. ஆரணிப் பட்டு வட்டாரத்தில் உள்ள பெரணமல்லூர் போன்ற ஒரு பேரூரிலிருந்து பார்த்தால், அது சென்னையிலிருந்து தெரிவதைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

சட்டத்துக்கு முன்பே நீர்ப் பரிசோதனை இருந்தது. சென்னை மாகாணத்தில் 1899இல் தொடங்கிய கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், அம்மைப்பால் தயாரித்ததோடு குடிநீரையும் சோதித்தது. இன்றும் பொதுச் சுகாதாரத் துறையின் தலைமை நீர்ப் பகுப்பாய்வகம் அதே வளாகத்தில்தான் இயங்குகிறது. 1971இல் உருவான தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டந்தோறும் தன் ஆய்வகங்களை அமைத்தது. ஆனால் இவை எல்லாம் அரசு தன் தேவைக்குத் தானே செய்துகொண்ட சோதனைகள். ஒருவர் மீது குற்றம் சாட்டுவதற்கான சான்றாக நீர்ப் பகுப்பாய்வை முறைப்படுத்தியது 1974ஆம் ஆண்டுச் சட்டம்தான். அரசமைப்பின் 252ஆம் பிரிவின்படி, மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டதால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அது. தொடக்கத்தில் கேட்ட மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. பிறகுதான் ஏற்றது, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைந்தது, மாநில விதிகள் 1983இல் வந்தன.

இந்தச் சட்டம் நம்பிக்கை வைத்தது கட்டடத்தின் மீதோ கருவியின் மீதோ அல்ல, ஆளின் மீது. 53ஆம் பிரிவு அரசுப் பகுப்பாய்வாளரையும் வாரியப் பகுப்பாய்வாளரையும் பெயர் சொல்லி நியமிக்கச் சொல்கிறது. 54ஆம் பிரிவு, அவர் கையெழுத்திட்ட அறிக்கையை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கச் சொல்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டமும் அதே வழியில் நடந்தது. 12ஆம் பிரிவு மத்திய அரசுக்கு ஆய்வகங்களை நிறுவவும் அங்கீகரிக்கவும் அதிகாரம் தந்தது. 13ஆம் பிரிவு பகுப்பாய்வாளரை நியமிக்கச் சொன்னது. அதன் கீழ் வந்த விதிகள் அவருடைய படிப்பையும் அனுபவ ஆண்டுகளையும் வரையறுத்தன. மருந்து, உணவுக் கலப்படச் சட்டங்களின் வார்ப்பு இது என்பதைச் சட்டம் படித்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

வார்ப்பு அப்படி என்பதால், நீதிமன்றங்களும் அதே கண்டிப்போடு அதைப் படித்தன. டெல்லி பாட்லிங் கம்பெனி வழக்கில் 1986இல் டெல்லி உயர் நீதிமன்றம், 21ஆம் பிரிவு சொன்ன முறைப்படி சொன்ன ஆய்வகத்துக்கு மாதிரி போகவில்லை என்றால், அந்த அறிக்கையை நிறுவனத்துக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்றது. தண்ணீர் உண்மையில் எவ்வளவு கெட்டிருந்தது என்ற கேள்வி அங்கே எழவே இடமில்லாமல் போனது. வாரியங்கள் பலவும் வழக்குத் தொடர்வதைவிட மூடல் ஆணைகளை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழைய வடஆர்க்காடு மாவட்டத்தின் பெரிய வழக்கு வேறு பாதையில் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் பற்றித் தீர்ப்பளித்தது. அந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற கூற்றைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. திண்டுக்கல் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்ததையும் சொல்கிறது. மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கைகளை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. பொதுநல வழக்கில் தனித்தனிக் குப்பிகளின் முத்திரை முக்கியமில்லாமல் போனது. நிபுணர் குழுக்களின் ஆய்வே போதுமானதாயிற்று. 2010இல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இன்னும் ஒரு படி போய், தீர்ப்பாயம் இந்தியச் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்று 19ஆம் பிரிவில் வெளிப்படையாகவே எழுதியது. முத்திரையின் பிடி தளர்ந்த இடத்தை நிரப்ப, ஆய்வகத்தின் தரத்துக்கு வேறோர் உறுதி தேவைப்பட்டது.

அந்த உறுதி வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1974இலேயே பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தபோது, ஆய்வகங்களுக்குச் சான்று தரும் பொறுப்பு பெரும்பாலும் மாநிலங்களிடம் போனது. மாநிலத்துக்கு ஒரு விதி, ஒரு கட்டணம் என்று அவை பெருகிய பின், 1995இல் பொதுத் தரங்களுக்கான தேசிய மாநாட்டு அமைப்பை உருவாக்கி ஒழுங்குபடுத்த முயன்றார்கள். பன்னாட்டளவில் 1999இல் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 என்ற தரம் வந்தது. 2005, 2017 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இந்தியாவில் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் தொடங்கிய என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியம் இந்தத் தரத்தின்படி ஆய்வகங்களைச் சோதித்துச் சான்றளிக்கிறது. இப்போது அது இந்தியத் தரக் குழுமத்தின் ஓர் அங்கம். நல்ல ஆள் இருந்தால் போதாது என்பதுதான் 17025 கொண்டுவந்த மாற்றம். தராசு கடைசியாக எப்போது அளவுதிருத்தப்பட்டது, குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு எங்கே, ஒரே மாதிரியை வேறு ஆய்வகங்களும் சோதித்தால் எண்கள் ஒத்து வருகின்றனவா, அளவீட்டில் எவ்வளவு ஐயப்பாடு என்பவை எல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2008இல் வெளியிட்ட அங்கீகார வழிகாட்டு நெறிகள் இந்தப் பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கட்டின. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் கேட்கும் தனியார் ஆய்வகம், முதலில் என்.ஏ.பி.எல். சான்றும் பணியிடப் பாதுகாப்புச் சான்றும் வைத்திருக்க வேண்டும். பௌதிகச் சோதனைகள், கனிமப் பொருள்கள், உலோகங்கள், கரிமங்கள், நுண்ணுயிர்கள், நச்சுத்தன்மை, தீங்கான கழிவு, மண், காற்று என்று சோதனைகள் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. எந்தத் தொகுதிக்கு விண்ணப்பமோ அதற்குரிய கருவிகளும் ஆட்களும் இருக்க வேண்டும். பின்னர் வாரியத்தின் ஆய்வு, அதன் பின் அரசிதழ் அறிவிக்கை, குறிப்பிட்ட காலம் கழித்து மீண்டும் முதலிலிருந்து.

ஒவ்வொரு படியிலும் கட்டணம் உண்டு. என்.ஏ.பி.எல்.-க்கு விண்ணப்பக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், மதிப்பீட்டாளர்களின் நாட்படியும் பயணச் செலவும்; திறன் சோதனைச் சுற்றுகளுக்குத் தனி; அங்கீகாரத்துக்குத் தனி; எல்லாவற்றின் மேலும் சரக்கு சேவை வரி. சோதனைத் தொகுதிகள் கூடக் கூடச் செலவும் கூடும். இந்தச் செலவை ஆய்வகம் தன்னிடம் வரும் குப்பிகளின் மேல்தான் பிரித்துப் போட முடியும். குப்பிகள் அதிகம் வரும் இடத்தில், அதாவது பெருநகரங்களிலும் பெரிய தொழிற்பேட்டைகளை ஒட்டியும், ஆய்வகங்கள் குவிவது கணக்கின் இயல்பு. தரத்துக்காக விதித்த கட்டணமே தூரத்தையும் விதித்துவிட்டது.

தூரம் என்பது நீர்ச் சோதனையில் வெறும் பயணச் செலவு அல்ல. பட்டை எடுத்துக்கொள்வோம். கச்சாப் பட்டில் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் செரிசின் என்ற பசையைச் சோப்பும் சோடாவும் சேர்த்துக் கொதிக்க வைத்து நீக்கிய பிறகே சாயம் பிடிக்கும். பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இப்படி நீரில் போகிறது. செரிசின் ஒரு புரதம். அதை நுண்ணுயிர்கள் தின்னும். தின்னும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்க்கும். அதனால் பட்டுச் சாயப்பட்டறையின் கழிவில் நிறம் கண்ணுக்குத் தெரிந்தாலும், கிணற்றுக்கும் ஏரிக்கும் பெரிய சேதம் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்ற கண்ணுக்குத் தெரியாத எண்ணில் இருக்கிறது.

அந்த எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரிட்டிஷ் அரச ஆணையம் 1912இல் தன் எட்டாம் அறிக்கையில், குளிர் நாட்டு ஆற்று நீரின் வெப்பநிலையில் ஐந்து நாள் வைத்துப் பார்க்கும் சோதனையை நிலைப்படுத்தியது. பின்னர் உலகம் 20 பாகை செல்சியஸ், ஐந்து நாள் என்று எடுத்துக்கொண்டது. நம் வெயிலுக்கு அது பொருந்தாது என்று இந்தியத் தர நிறுவனம் 27 பாகை, மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டது. 2016 அக்டோபரில் ஜவுளித் தொழிலுக்கு வந்த திருத்திய வரம்புகளில் இந்தத் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராம். வேதி ஆக்சிஜன் தேவை 250. மொத்தக் கரைந்த உப்பு 2,100. நிறம் 150 அலகு. இவற்றில் உப்பு பொறுத்திருக்கும். ஆக்சிஜன் தேவை பொறுத்திருக்காது. குப்பிக்குள்ளேயே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள், தவறினால் ஒரு நாளுக்குள், சோதனையைத் தொடங்க வேண்டும் என்பது நடைமுறை. கார அமில அளவையோ அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

பெரணமல்லூரிலிருந்து சென்னை நூறு கிலோமீட்டருக்கு மேல். பேருந்தில் ஏறிப் போகும் ஒரு குப்பி சாயங்காலம் ஆய்வகம் சேர்ந்து, மறுநாள் வரிசையில் நின்றால், அதில் காணும் எண் பட்டறை வடிகாலில் இருந்த எண் அல்ல. பெரும்பாலும் குறைந்த எண். பிழை, பட்டறைக்குச் சாதகமான பக்கமே சாய்கிறது. ஆகவே யாரும் புகார் சொல்வதில்லை.

இனி மூன்றாவது கேள்வி. 1974இல் முதல் ஆய்வு வாரியத்தின் செலவு. அதை மறுத்துக் கேட்கும் ஆய்வே ஆலையின் செலவு. இன்று இயங்குவதற்கு வாரியத்தின் இசைவு பெறவும் புதுப்பிக்கவும் ஆய்வறிக்கையை இணைக்க வேண்டிய இடங்களில், முதல் ஆய்வுக்கும் ஆலையே பணம் கொடுக்கிறது. ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பதும் பல நேரங்களில் ஆலைதான். இதன் விளைவை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது, குஜராத்திலிருந்து. அங்கே 1996 முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி தனியார் சுற்றுச்சூழல் தணிக்கை நடந்துவந்தது. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளாதார அறிஞர்கள், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து 473 ஆலைகளில் சோதனை நடத்தி 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஆலையே தணிக்கையாளரைத் தேர்ந்து கூலி கொடுத்த பழைய முறையில், காற்றுத் துகள் வரம்பை மீறியவை 7 சதவீதம் என்றன அறிக்கைகள். உண்மையில் மீறியவை 59 சதவீதம். தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, கூலியைப் பொது நிதியிலிருந்து ஒரே அளவில் கொடுத்து, சில அளவீடுகளை மறுசோதனை செய்தபோது, பொய்யாகத் தேறியதாகச் சொல்வது 80 சதவீதம் குறைந்தது.

அந்தப் பொய்யெல்லாம் திறமைக் குறைவால் வந்ததல்ல என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. வரம்புக்குச் சற்றே கீழே எண்கள் குவிந்திருந்தன. அளக்கத் தெரியாதவரால் அப்படிக் குவிக்க முடியாது. 17025 தரம் பாரபட்சமின்மை பற்றியும் பேசுகிறது, 2017 திருத்தம் இன்னும் அழுத்தமாகவே பேசுகிறது. ஆனால் கூலி யார் கையிலிருந்து வருகிறது என்பதை ஆய்வகத்தின் உள்விதிகளால் மாற்ற முடியாது. அதற்கு வாரியம்தான் வர வேண்டும். 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள், பதிவுபெற்ற தணிக்கையாளரை ஆலைக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் வழியைக் கொண்டுவந்திருக்கின்றன. குஜராத்தின் பாடம் பாதி எட்டியிருக்கிறது என்று இதைக் கொள்ளலாம்.

ஆரணி வட்டாரத்துக்கு இதை இறக்கிப் பார்த்தால் வடிவம் சற்று மாறும். சாயமிடும் தொழில், மாசு மிகுந்த தொழில்களுக்கான சிவப்பு வகையில் வருகிறது. ஆனால் இங்குள்ள பட்டறை ஒரு ஆலை அல்ல, சில கொப்பரைகளும் ஒரு கிணறும். ஒரு பட்டறைக்கு ஒரு ஆய்வகம், ஒரு அறிக்கை, ஒரு கட்டணம் என்ற கணக்கு இங்கே பட்டறைக்கும் கட்டாது, ஆய்வகத்துக்கும் கட்டாது. இசைவுக் கட்டணத்தோடு ஒரு சிறு ஆய்வுக் கூலியையும் வாரியமே வசூலித்து, ஒரு சுற்றில் உள்ள பட்டறைகளின் மாதிரிகளை முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் ஒரே வண்டியில் அனுப்பலாம். ஆக்சிஜன் தேவைச் சோதனையைத் தொடங்க மட்டும் வட்டாரத்துக்குள்ளேயே ஓர் ஆய்வகத்தை, ஒரு கல்லூரி வேதியியல் துறையைக்கூட, தகுதி பார்த்து அங்கீகரிக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். தன் பணிக்குத் தேவையான ஆய்வகத்தை நிறுவவோ அங்கீகரிக்கவோ மாநில வாரியத்துக்கு உள்ள அதிகாரம் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவில் இருக்கிறது.