தேக்கு இறங்கிய வழி

ஆனைமுடியின் உச்சி 2695 மீட்டர். சாலக்குடி ஆற்றங்கரையில் உள்ள அதிரப்பள்ளி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 120 மீட்டர். பறவை பறக்கிற கணக்கில் இரண்டுக்கும் இடையே அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. மனிதனுக்கு அப்படி நேர்வழி கிடையாது. இரவிகுளத்தில் வரையாடு பார்த்துவிட்டு மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கி, ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை சேர்ந்து, மலக்கப்பாறை தாண்டி வாழச்சால் காட்டுக்குள் மறுபடி இறங்க வேண்டும். காட்டுயிர் பார்க்க அழைத்துப் போகிறவர்கள் இந்தச் சுற்றை நாலைந்து நாளில் முடித்துவிடுகிறார்கள். மேகம் மேயும் சோலைக்காட்டில் தொடங்கி, வியர்வை வழியும் தாழ்நிலை மழைக்காட்டில் முடிகிறது பயணம்.

மழைக் கணக்கு ஒன்றே இந்த மலையைச் சொல்லிவிடும். தமிழ்நாட்டுச் சமவெளியில் பல ஊர்களுக்கு ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரைத் தொட்டால் நல்ல மழை வருஷம். வால்பாறை மேட்டில் சராசரியே சுமார் 3500. அந்த ஈரத்தில்தான் சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் வாழ்கின்றன. அந்த ஈரத்தைத் தேடித்தான் தேயிலையும் வந்தது. அதற்கும் முன்னால் வெள்ளைக்காரனை இந்த மலைக்கு இழுத்தது தேக்கு.

1840-களின் இறுதியில் சென்னை ராணுவத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மைக்கேல் ஆனைமலைத் தேக்குக்குப் பொறுப்பாளராக வந்தார். மரம் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குப் போக வேண்டியது. வெட்டுவது எளிது, இறக்குவதுதான் பாடு. யானை இழுத்து வந்த தடிகளை மலை விளிம்பிலிருந்து சரிவில் வழுக்கிவிட்டார்கள். கீழே சேத்துமடைப் பக்கம் பொறுக்கி வண்டியேற்றினார்கள். அந்த விளிம்புதான் டாப்சிலிப். இன்று பொள்ளாச்சியிலிருந்து வேன் பிடித்து மான் பார்க்க வருகிறவர்கள் இறங்கி டீ குடிக்கிற இடம் அது.

1856-ல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்ன். 1858-ல் அவர் ஒரு குழுவோடு ஆனைமலையின் உயர்ந்த மலைகளுக்கு ஏறி, பார்த்ததை எடின்பரோவின் அறிவியல் சபை இதழில் எழுதினார். செடி, மரம், உயரம், தட்பவெப்பம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போன அந்த ஏற்றத்தை, ஆனைமலையில் நடந்த முதல் இயற்கைச் சுற்றுலா என்று சொன்னால் பெரிய தப்பில்லை. நாலு வருஷம் கழித்து, 1862-ல், டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமுடி உச்சியைத் தொட்டார். எழுத்தில் பதிவான முதல் ஏற்றம் அது. அதற்கு முன் அங்கே தேனெடுக்கவோ ஆடு தேடியோ யார் போனார்கள் என்று எழுதி வைக்க யாரும் இருக்கவில்லை.

துரைகள் தாங்களாக வழி கண்டுபிடித்துப் போகவில்லை. முன்னால் நடந்தவர்கள் காடர்கள், மலசர்கள், உயர்மலைப் பக்கம் முதுவர்கள். காடர்களைப் பற்றி அந்தக் கால ஆங்கிலக் குறிப்புகளில் ஒரு செய்தி உண்டு. துப்பாக்கியைச் சுமப்பார்கள், விலங்கின் தடம் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள், சுமைகூடத் தூக்குவார்கள். ஆனால் அதெல்லாம் தாங்களாகப் பார்த்துச் செய்யும் உதவி. கூலி என்று கூப்பிட்டால் மனம் புண்பட்டுப் போவார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளிலும் இது இருக்கிறது. காடர் தேனெடுக்கும் முறையும் அதில் வருகிறது. கிளையே இல்லாமல் நெட்டுக்கு நிற்கும் மரத்தில் மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, அடித்த முளையில் நின்றே அடுத்ததை அடித்து மேலே ஏறுவது. ஏணியும் அவர்களே, ஏறுகிறவரும் அவர்களே. எந்த மரத்தில் எந்த மாதம் என்ன பழுக்கும், அதைத் தின்ன எது வரும் என்ற கணக்கு அந்த ஏற்றத்தில் சேர்ந்தது. இன்றைய வழிகாட்டியின் மூலதனம் அதுதான்.

மேற்குச் சரிவின் கதை இன்னும் விசித்திரம். பரம்பிக்குளத்து மரத்தை அரபிக்கடல் பக்கம் இறக்க, கொச்சி சமஸ்தானம் காட்டுக்குள்ளேயே ஒரு டிராம் பாதை போட்டது. பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 1907-லிருந்து ஓடியது. ஜெர்மனியிலிருந்து நீராவி இன்ஜின்கள் வந்தன. ஆனால் செங்குத்தான சரிவுகளில் இன்ஜினுக்கு வேலையில்லை. கம்பிவடத்தின் ஒரு முனையில் தடி ஏற்றிய பெட்டிகள், மறுமுனையில் காலிப் பெட்டிகள். பாரம் கீழே இறங்க இறங்க அதன் எடையே காலிப் பெட்டிகளை மேலே இழுத்துவிடும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி ஓடுகிற மாதிரி. மனிதன் பார்க்க வேண்டியது பிரேக்கை மட்டும். காட்டை வெறுமையாக்குவதற்குக் காட்டின் பாரத்தையே எரிபொருளாக்கிய இந்தப் புத்திசாலித்தனத்தை வியப்பதா, வயிறெரிவதா என்று தெரியவில்லை. 1963-ல் பாதை மூடப்பட்டது. தண்டவாளமும் பழைய இரும்பு விலைக்குப் போனது.

இந்தப் பாதையில் பறவைக்காகப் பயணம் செய்தவர் சாலிம் அலி. திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் ஆதரவில் 1933-ல் அவர் நடத்திய பறவைக் கணக்கெடுப்பில், மனைவி தெஹ்மினாவும் உடனிருந்தார். பரம்பிக்குளத்தில் டிராம் பாதையை ஒட்டிய குரியார்குட்டியில் முகாம். அன்று பறவையைப் பார்ப்பது என்றால் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, சீட்டு கட்டுவதும் சேர்த்துத்தான். பறவை நூல்களுக்கு அடித்தளம் இட்டவரின் கையிலும் துப்பாக்கி இருந்தது. இன்று குரியார்குட்டியில் அவர் பெயரில் ஒரு பறவை விளக்க மையம் இருக்கிறது.

அதே 1933-ல் ஹியூகோ வுட் இறந்தார். கிழக்குச் சரிவில் வெட்டியே தீர்க்கப்பட்ட தேக்குக்கு மறுபிறவி கொடுத்த வன அதிகாரி. அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க விட்டும், விதை ஊன்றியும் தேக்கை மீட்டார். கைத்தடியால் குழி குத்தி விதை போட்டபடியே நடப்பார் என்று டாப்சிலிப்பில் கதை சொல்வார்கள். அவரது கல்லறையும் அங்கேதான், அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவில். ஆனாலும் தேக்குத் தோட்டம் காடாகிவிடாது. ஒரே வயது, ஒரே இனம். கோடையில் இலையுதிர்த்து வெறிச்சென்று நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் கரியன்சோலைக்குள் பத்தடி வைத்தால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

வால்பாறை மேட்டுக்கு அந்த மறுபிறவியும் கிடைக்கவில்லை. 1890-களில் கார்வர் மார்ஷ் போன்ற தோட்டக்காரர்கள் வந்தபின், ஐம்பது ஆண்டுக்குள் சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டில் பெரும்பகுதி காப்பியாகவும் தேயிலையாகவும் மாறியது. சமவெளியிலிருந்து கூட்டிவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் மலேரியாவிலும் அட்டையிலும் உழன்று காட்டை அழித்தார்கள். கார்வர் மார்ஷுக்குச் சாலையோரத்தில் சிலை இருக்கிறது. மிஞ்சியது தேயிலைக்கு நடுவே தீவு தீவாகச் சில சோலைகள். அதில் ஒன்றான புதுத்தோட்டத்தில்தான் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடந்து, வீட்டுக் கூரையில் உட்கார்ந்து கேமராவுக்கு முகம் கொடுக்கின்றன. பார்க்க வருகிறவருக்கு அது அதிர்ஷ்டம். உண்மையில் அது நெருக்கடி: கிளைவிட்டுக் கிளை தாவ மரம் இல்லாததால் தரைக்கு வந்த குரங்கு அது. அவற்றுக்காகச் சாலைக்கு மேல் கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. வால்பாறையில் தங்கி வேலை செய்யும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, தோட்டக் கம்பெனிகளோடு பேசி, சிதைந்த சோலைகளில் மழைக்காட்டு மரங்களை நட்டு வருகிறது.

உயரத்தில் இருந்த இரவிகுளம் தப்பியது வேட்டைக்காரர்களின் தயவில் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மூணாறு தோட்டத் துரைகள் தங்கள் வேட்டைக்கென்று புல்மலையைப் பாதுகாத்தார்கள். முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். 1975-ல் அது சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. வரையாடு குட்டி போடும் பருவத்தில் இப்போதும் வாசலைச் சாத்திவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் 1976-ல் ஆனைமலைச் சரணாலயம் அமைந்தது; பின்னர் புலிகள் காப்பகமானது. தடி இழுத்த யானைகளின் வாரிசுகள் கோழிகமுத்தி முகாமில் கும்கிகளாக நிற்கின்றன. பாகன்கள் பெரும்பாலும் மலசர்கள்.

மலக்கப்பாறைக்குக் கீழே சாலை வாழச்சால் காட்டுக்குள் நுழைகிறது. ஆற்றோர மரங்களில் இருவாச்சி கூடு வைக்கும் இடம். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் மண்ணையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் மிச்சம். ஆண் பறவை மாதக்கணக்கில் அத்திப்பழத்தைத் தொண்டைக்குள் சேர்த்துவந்து, ஒவ்வொன்றாக மேலே தள்ளி, அந்தக் கீறல் வழியாக ஊட்டும். ஆண் செத்தால் பொந்துக்குள் இருப்பவையும் அநேகமாகப் பட்டினி. இந்தக் கூடுகளில் ஏறிக் குஞ்சு எடுத்துக்கொண்டிருந்த காடர்களைத்தான் 2000-களின் நடுவில் தாவரவியலாளர் அமிதா பச்சன் கூட்டுக் காவலர்களாகச் சேர்த்தார். புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. எந்த மரத்தில் பொந்து என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது அதைத் தாளில் குறிக்கிறார்கள், பருவத்துக்குப் பருவம் சரிபார்க்கிறார்கள், கூடு அடைந்த மரத்தைக் காவல் காக்கிறார்கள்.

அந்தத் தாள்களுக்கு வேறொரு பயனும் வந்தது. இதே ஆற்றில் 163 மெகாவாட் அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் பேசப்பட்டபோது, ஆற்றோரக் காட்டில் என்னென்ன மூழ்கும் என்ற கேள்விக்கு மரம் மரமாகப் பதில் சொல்ல முடிந்தது. மாதவ் காட்கில் தலைமையிலான நிபுணர் குழு 2011-ல் அந்தத் திட்டத்தை அனுமதிக்கக் கூடாது என்றது. 2014-ல் வன உரிமைச் சட்டத்தின்கீழ் வாழச்சாலின் ஒன்பது பழங்குடி ஊர்களுக்குச் சமூக வன வள உரிமை கிடைத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கல்லார்குடிக் காடர்கள் 2019 மழையில் நிலச்சரிவுக்கு ஊரைப் பறிகொடுத்து, அதே காட்டுக்குள் தெப்பக்குளமேட்டில் குடியேற இடம் கேட்டுப் போராடித்தான் பட்டா வாங்கினார்கள்.