ஹப் எங்கே போச்சு?

வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டு இருக்கும் பெட்டியை எல்லாரும் ரூட்டர் என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அதற்குள் மூணு பேர் குடித்தனம் நடத்துகிறார்கள்: ரூட்டர், ஸ்விட்ச், வைஃபை. ஸ்விட்சுக்கு மூத்தவரான ஹப்பை மட்டும் காணோம். அவர் எங்கே போனார்?

கதை 1971இல் ஹவாயில் ஆரம்பிக்கிறது. தீவுகளுக்கு நடுவே கம்பி இழுப்பது லேசுப்பட்ட வேலையா? நார்மன் ஆப்ரம்சன் குழு ரேடியோ வழியாகக் கணினியை இணைத்தது. அதுதான் அலோஹாநெட். எல்லாரும் ஒரே அலைவரிசையில் அனுப்ப வேண்டும். ரெண்டு பேர் அனுப்பியது மோதிக்கொண்டால், கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும்.

1973 மே மாதம், கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த பாப் மெட்காஃப் இதே யோசனையைக் கேபிளுக்குக் கொண்டுவந்தார். பேசுவதற்கு முன்னால் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கணும் என்ற விதியையும் சேர்த்தார். ஈதர்நெட் பிறந்தது.

பிறகு வந்த ஹப், ஒவ்வொரு கணினிக்கும் தனி ஒயர் கொடுத்தது. ஆனால் குணம் பழைய கேபிளின் குணமேதான். ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டிலும் கொட்டிவிடும். 10 மெகாபிட் வேகத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கணும். பக்கத்து மேஜைக்காரர் நினைத்தால் உங்கள் கடிதத்தையும் படிக்கலாம்.

1990இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஏழு போர்ட் ஈதர்நெட் ஸ்விட்ச் ஒன்றைக் கொண்டுவந்தது. எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். முகவரி தெரியாதபோது எல்லாருக்கும் அனுப்பும். 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. விலை இறங்க இறங்க, ஹப் கடையை விட்டே போய்விட்டது.

ஸ்விட்சுக்குத் தெரிந்தது வீட்டுக்குள் மட்டும்தான். வாசலைத் தாண்டிப் போவதை ரூட்டர் ஐபி முகவரி பார்த்து அனுப்புகிறது.

சரி, ஹப் உண்மையிலேயே ஒழிந்ததா? வைஃபையைப் பாருங்கள். காற்று ஒன்றுதான். ஒரு சேனலில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்கணும். தூரத்து அறையில் சிக்னல் குறைந்த ஃபோன் மெதுவாகப் பேசினால், அது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருக்கும் லேப்டாப்பும் காத்துக்கிடக்கும். ஒருவர் பேசுவது எல்லார் காதிலும் விழும். நம்மைக் காப்பாற்றுவது மறைகுறியாக்கம்தான். ஹவாயில் வானொலியாகத் தொடங்கி, கேபிளாகி, ஹப்பாகி, அதே குணம் மறுபடி வானொலியாகவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

அதனால் நெட் மெதுவாக இருந்தால் உடனே அதிக வேகத் திட்டத்துக்கு மாறிவிடாதீர்கள். இடம் விட்டு நகராத டிவியையும் மேஜைக் கணினியையும் பெட்டிக்குப் பின்னால் உள்ள போர்ட்டில் ஒயர் போட்டுச் செருகிப் பாருங்கள். அவை ஸ்விட்ச் பக்கம் போய்விடும். காற்று மற்றவர்களுக்கு மிஞ்சும்.