ஒரு கை, பல உருவங்கள்

எங்கள் வாணியம்பாடியில் ஆட்டுத்தோல் ஒளியை மறக்கிறது. சுண்ணாம்பில் ஊறி, முடியும் கொழுப்பும் நீங்கிய தோலை இழுத்துக் கட்டிக் காயவைத்தால், எண்ணெய்த்தாள்போல் அது விளக்கொளியைத் தன்னூடே விடும். பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகள் அதை அந்நிலையில் விட்டுவைப்பதில்லை. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும், பின்னாளில் குரோமிய உப்பும் ஏறி, அது செருப்புக்கும் பைக்கும் உரிய பொருளாகிவிடும். அந்த முதல் நிலையிலேயே தோலை நிறுத்தி, வெட்டி, துளையிட்டு, வண்ணமேற்றிக்கொண்டவர்கள் தோற்பாவைக் கூத்தர்கள்.

தோலுக்கு வாய்த்த இந்த இன்னொரு வாழ்வை நாங்கள் எண்ணிப் பார்க்கக் காரணமானது, அதற்குச் சற்றும் உறவில்லாததுபோல் தோன்றும் ஒரு பழக்கம். இணைய விளையாட்டுகளில் ஒரே ஆள் ஐந்து, பத்து, அதற்கும் மேற்பட்ட பாத்திரங்களை ஒருசேர நடத்திக்கொண்டு போருக்குப் போவது. ஒருவர் பலரை இயக்கும் கலைக்கு வரலாறு எழுதப் புகுந்தால், அதன் முதல் அத்தியாயம் கணினியில் தொடங்காது என்பதே எங்கள் எண்ணம்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுவோம். ‘ரெய்டு’ என்றதும் நமக்கு வருமான வரித்துறை நினைவுக்கு வருவது இயல்பே. இங்கே அதற்குக் கூட்டுப் படையெடுப்பு என்று பொருள். 1999-இல் வெளிவந்த ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டில், தனியொருவரால் ஒருபோதும் வெல்லமுடியாத டிராகன்களை உருவாக்கி வைத்தார்கள். 2004 நவம்பரில் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ அதை இன்னும் விரிவாக்கியது. அதன் தொடக்ககாலப் பெரும் படையெடுப்புகளுக்கு 40 பேர் வரை திரளலாம். அடியைத் தாங்கி முன்னால் நிற்பவர், காயம் ஆற்றுபவர், தாக்குபவர் என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கும். ஒருவர் தவறினால் அனைவரும் மடிவார்கள். மனிதருக்கு மனிதர் தேவைப்படும்படி திட்டமிட்டே செய்யப்பட்ட அமைப்பு அது.

ஆனால் 40 பேரை ஒரே இரவில், ஒரே நேரத்தில் திரட்டுவது எளிதா? ஒருவருக்குக் காலையில் வேலை, ஒருவர் வீட்டில் மின்சாரம் இல்லை, இன்னொருவர் முந்தைய வாரச் சண்டையில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். 2007 ஜனவரியில் வெளியான விரிவாக்கத்தில் அந்த எண்ணிக்கையை 25 ஆகவும் 10 ஆகவும் நிறுவனமே குறைத்துக்கொண்டது. அதற்கு முன்பே சிலர் வேறொரு வழி கண்டிருந்தார்கள். மேசைமேல் இரண்டு கணினிகள், இரண்டு சந்தாக்கள்; ஒன்றில் போர்வீரன், மற்றொன்றில் மருத்துவன். இதற்கு ‘மல்டிபாக்ஸிங்’ என்று பெயர் வந்தது. குத்துச்சண்டையோடு இதற்குச் சம்பந்தமில்லை. ‘பாக்ஸ்’ என்பது கணினிப் பெட்டி. பின்னர் ஒரே கணினியில் பல சன்னல்கள் திறந்தன. ஒரு விசையை அழுத்தினால் அந்த அழுத்தத்தை எல்லாச் சன்னல்களுக்கும் ஒரே நொடியில் அனுப்பும் மென்பொருள்கள் வந்தன. ஒருவர் தீப்பந்தை எறிந்தால் ஐவரும் எறிவார்கள். ஒருவர் நடந்தால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள்.

இனி திரைக்குப் பின்னால் வருவோம். தமிழகத் தோற்பாவைக் கூத்தை நடத்திவந்தவர்கள், வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தினர். 1676 முதல் 1855 வரை நீடித்த தஞ்சை மராத்தியர் ஆட்சியோடு இவர்களது வருகையை இணைத்துச் சொல்வது வழக்கம். பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலி, குமரி மாவட்டங்களில் பரவி வாழ்ந்தார்கள். மு. இராமசாமி, அ.கா. பெருமாள் ஆகியோரின் ஆய்வுகள் வழியே இவர்களைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். இக்கலையில் எங்களை வியக்கவைப்பது ஒன்றுண்டு. ஆந்திரத் தோலு பொம்மலாட்டத்தில் பலர் சேர்ந்து ஆட்டுவார்கள், பெண் பாத்திரங்களுக்குப் பெண்களே குரல் கொடுப்பார்கள். கேரளத்துக் கூத்துமாடங்களில் கம்பராமாயணத்தைப் புலவர்கள் குழுவாக நிகழ்த்துவார்கள். தமிழகத்திலோ திரைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஆள். இராமனும் அவரே, சூர்ப்பணகையும் அவரே. வெளியே இசைக்கருவியோடு குடும்பத்தார் இருப்பார்கள், அடுத்த பாவையை எடுத்துக் கொடுக்க ஒரு பிள்ளை இருக்கும். ஆனால் இலங்கைப் போரை அவர் இரண்டு கைகளைக் கொண்டுதான் நடத்தியாக வேண்டும்.

இரண்டு கைகளால் ஒரு படையை எப்படி இயக்குவது? நிழற்கூத்து மரபுகள் இதற்கு இரண்டு வழிகளைக் கண்டிருக்கின்றன. முதலாவது, காத்திருக்கச் செய்தல். பேசாத பாத்திரம் அசையாமல் நிற்கும். ஆந்திரத்தில் அதைத் திரையோடு ஈச்சமுள்ளால் குத்தி நிறுத்திவிடுவார்கள். ஜாவாவின் ‘டாலாங்’, விடியவிடியத் தனியொருவராகக் கதை முழுவதையும் நடத்துபவர், பாவைகளின் காம்பை வாழைத்தண்டில் செருகி வைத்திருப்பார். இரண்டாவது, ஒன்றாக்குதல். ஜாவாவில் ‘ரம்போகான்’ என்று ஒரு பாவை உண்டு. ஒரே தோலில் படை முழுவதும், ஈட்டியும் குதிரையும் கொடியுமாகச் செதுக்கப்பட்டிருக்கும். கர்நாடகத் தொகலு கொம்பெயாட்டத்திலும் பல உருவங்களை ஒரே தோலில் அடக்கிய பாவைகள் உண்டு. அதைத் தூக்கி அசைத்தால் படை நகரும். ஆனால் அப்படையில் ஒரு வீரன் மட்டும் திரும்பிப் பார்க்க முடியாது.

மல்டிபாக்ஸிங் மென்பொருள் செய்தது இதைத்தான். ஐந்து பாத்திரங்களை ஒரே தோலில் வெட்டி எடுத்தது.

இங்கே அவதானக் கலையையும் நினைவுகூரத் தோன்றுகிறது. இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். முதுகில் விழும் பொருள்களை எண்ணுவதும், கேட்ட பொருளில் செய்யுள் இயற்றுவதும், கணக்குக்கு விடை சொல்வதும் ஒருசேர நடக்கும் நிகழ்ச்சி அது. நூறு கவனங்கள் என்பது அதன் பெயர். ஆனால் மனம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, விட்டதை விட்ட இடத்திலேயே பிடிப்பதுதான் அங்கே திறமை. அவையிலுள்ள கேள்வியாளர் ஒவ்வொருவரும் வெவ்வேறாக இருப்பதால்தான் அது சோதனையாகிறது. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டால் அவதானமே இல்லை.

விளையாட்டுலகில் சச்சரவு எழுந்ததும் இந்த இடத்தில்தான். கணக்கு ஒவ்வொன்றுக்கும் மாதம் ஏறத்தாழ 15 டாலர் சந்தா கட்டினார்கள்; அந்த வகையில் அவர்களைக் குறைசொல்ல வழியில்லை. எதிரே நின்ற தனியாள் மட்டும், ஐந்து மின்னல்கள் ஒரே கணத்தில் தன்மேல் விழுந்து செத்துக்கொண்டிருந்தார். விண்வெளி விளையாட்டான ‘ஈவ் ஆன்லைன்’ 2015 ஜனவரி 1 முதல் இத்தகைய விசைப் பரப்பலைத் தடை செய்தது. 2020 நவம்பரில் பிளிஸார்ட் நிறுவனமும் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் அதைத் தடுத்தது. பல கணக்குகள் வைத்திருப்பதை இருவருமே தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பலராக இருக்கலாம், பலரையும் ஒரே அசைவாக்கக் கூடாது. சட்ட அறிவு என்பதைவிடக் கூத்து அறிவு மிகுந்த தீர்ப்பு இது என்று எங்களுக்குப் படுகிறது.

தோற்பாவைக் கூத்தில் மக்கள் காத்துக் கிடந்தது இராம பாணத்துக்காக மட்டுமல்ல. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் இடத்துக்காக. ஒரே தொண்டையிலிருந்து இரண்டு குரல்கள் வந்து சண்டையிடும். ஒன்று மற்றதன் வாயை அடைக்கும். அங்கே ஆட்டுபவர் உண்மையிலேயே இருவராகிறார். விசைப் பரப்பலில் ஐந்து பேர் இருந்தும் அவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பும் எழாது. கூட்டுப் படையெடுப்பின் உயிரே அந்த முணுமுணுப்புதான். ‘எவர்குவெஸ்ட்’ காலத்துக் குழுக்கள் 1999-லேயே, கொன்ற டிராகனின் புதையலை யாருக்குக் கொடுப்பது என்ற தகராறைத் தீர்க்க ‘டிராகன் கில் பாயிண்ட்ஸ்’ என்று ஒரு புள்ளிக் கணக்கையே ஏற்படுத்திக்கொண்டன. வந்தவருக்குப் புள்ளி, பொருள் பெற்றவருக்குக் கழிவு. கிட்டத்தட்ட நம்மூர்ச் சீட்டுக் கணக்கு. தனியாளாக ஐவரை இயக்குபவருக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

கூத்தர் தனியாளாக நின்றது மரபின் அழகு என்று மட்டும் சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. சினிமாவும் தொலைக்காட்சியும் வந்து வருமானம் சுருங்கியபோது, பிள்ளைகள் வேறு பிழைப்பைத் தேடிப் போனார்கள். பாவை எடுத்துக் கொடுத்த கை விலகியது, பின்பாட்டுக் குரல் விலகியது. இரண்டு கைகளில் முன்பே பத்துத் தலை இராவணனைச் சுமந்தவரின் தலையில் மிச்ச வேலைகளும் வந்து விழுந்தன. விளையாட்டாளர் பலரும், திரட்டமுடியாமற்போன நண்பர்களின் இடத்தைத்தான் சன்னல்களால் நிரப்பினார்கள்.

2020-க்குப் பிறகும் ஐந்து சன்னல்களைத் திறந்து வைத்து ஆடுபவர்கள் இருக்கிறார்கள். விதிப்படி இப்போது ஒவ்வொன்றிலும் தனித்தனியே விசையை அழுத்த வேண்டும். ஒரு சன்னலில் கை இருக்கும் பொழுதில் மற்ற நான்கு வீரர்களும் முள்ளில் குத்தி நிறுத்திய பாவைகளைப்போல் நிற்கிறார்கள். மருத்துவனின் முறை வருவதற்குள் முன்னால் நின்றவன் விழுந்துவிடுகிறான்.