அருஞ்சொல்லும் அகரவரிசையும்

ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி எனப் பொதுவாகக் கொள்ளப்படுவது 1604ஆம் ஆண்டு இலண்டனில் அச்சேறிய ஒரு சிறு நூலாகும். றொபேட் கோட்றி என்பார் தொகுத்த 'அகரவரிசை அட்டவணை' என்னும் அந்நூலில் ஏறத்தாழ 2,500 சொற்களே உள்ளன. வீடு, நீர், நாய் போன்ற நாளாந்த வழக்குச் சொற்களை அதில் தேடுதல் வீண். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து வந்து வழங்கிய அருஞ்சொற்களுக்கே அவர் பொருள் எழுதினார். தாய்மொழி பேசுவோருக்கே அம்மொழிச் சொற்களின் பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை எவ்வாறு நேர்ந்தது?

1476இல் கக்ஸ்ரன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவியதன் பின்னர் நூல்கள் பெருகின. கிரேக்க, இலத்தீன் நூல்களை ஆங்கிலப்படுத்திய அறிஞர்கள், தம் மொழியில் ஏற்ற சொல் காணாதவிடத்து இலத்தீன் சொல்லையே சிறிது திரித்து ஆண்டனர். தேவையின்பொருட்டுப் புகுந்தவை சில. புலமையைக் காட்டும்பொருட்டுப் புகுந்தவை பல. மைவைக்கும் கொம்புக் குப்பியை நினைவுறுத்தி, இவற்றை 'மைக்கொம்புச் சொற்கள்' என எள்ளினர். 1553இல் வெளிவந்த தம் அணியிலக்கண நூலில் தோமஸ் வில்சன் இத்தகைய சொற்களை அடுக்கி நகைப்புக்குரிய கடிதமொன்றைப் புனைந்தார். அவர் நகையாடிய சொற்களுள் 'செலிபிரேற்', 'கப்பாசிற்றி' போன்றவை இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்தவை. பெரிது எனப் பொருள்தந்த 'இன்ஜென்ற்' வழக்கிறந்தது. எச்சொல் வாழும், எச்சொல் மாயும் என்பதைப் புலவர் நகைப்பு தீர்மானிப்பதில்லை போலும்.

கேம்பிறிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த யோன் சீக் மேலும் ஒருபடி சென்றார். ஆங்கிலம் கலப்பின்றித் தூயதாக எழுதப்படல் வேண்டும் என 1557இல் வற்புறுத்திய இவர், மத்தேயு சுவிசேஷ மொழிபெயர்ப்பிலே 'சென்ரூரியன்' என்பதற்கு ஈடாக நூறு என்னும் எண்ணடியாக 'ஹண்ட்றெடர்' எனவும், 'லூனற்றிக்' என்பதற்கு ஈடாக நிலவைக் குறிக்கும் சொல்லடியாக 'மூன்ட்' எனவும் படைத்தார். 1916இல் எழுந்த தனித்தமிழ் இயக்கத்தை அறிந்தோர்க்கு இக்குரல் அந்நியமானதன்று. எனினும் சீக்கின் ஆக்கங்கள் ஏட்டளவில் நின்றுவிட்டன. இலத்தீன் சொற்களின் வரவும் ஓயவில்லை.

இச்சொற்பெருக்கினால் இடர்ப்பட்டோர் யாவர்? இலக்கணப் பள்ளியிற் பயின்ற ஆண்மகன் இலத்தீனை அறிந்திருந்தான். புதுச்சொல்லின் வேர் அவனுக்குப் புலப்பட்டது. அப்பள்ளிக்குள் பெண்களுக்கு இடமில்லை. கைவினைஞரும் சிறு வணிகரும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிக் கற்றதோடு நின்றோர். பிரசங்கத்தைக் கேட்டும் திருமறையை வாசித்தும் சமயத்தை அறிய வேண்டிய காலத்தில், ஒரு சொல்லின் பொருள் தெரியாமை வெறும் மொழிக்குறையாக இருக்கவில்லை. கோட்றி தம் நூலைப் பெருமாட்டிகள், மாதர், கல்லாதார் ஆகியோர்க்கென முகப்பிலேயே குறித்ததும், ஹாரிங்டன் குடும்பத்துச் சகோதரிகள் ஐவருக்கு உரிமையாக்கியதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கன.

கோட்றியின் வாழ்வும் இதனோடு தொடர்புடையது. ஓக்கம் என்னும் ஊரிலே பள்ளி ஆசிரியராயிருந்த அவர், 1571இல் றட்லன்ட் பகுதியின் சவுத் லபனம் திருச்சபைக்குக் குருவானார். தூய்மைவாதச் சார்பினராகிய அவர் அரச திருச்சபையின் வழிபாட்டு நூலைப் பிரசங்கத்தில் கண்டித்தமையால் பதவி பறிக்கப்பட்டார். அதனை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு 1591இல் தோல்வியுற்றது. 'கோட்றி வழக்கு' எனச் சட்ட மாணவர் அறிவது, சமய விவகாரங்களில் முடியின் அதிகாரத்தை உறுதிசெய்த இத்தீர்ப்பையே. பதவியிழந்து பல ஆண்டுகளின் பின், பள்ளி ஆசிரியராயிருந்த மகன் தோமஸின் துணையோடு அவர் வெளியிட்ட நூலே இவ்வட்டவணை.

நூல் முழுவதும் அவர்தம் உழைப்பெனல் பொருந்தாது. எட்மண்ட் கூற் என்பார் 1596இல் வெளியிட்ட பள்ளி நூலின் சொற்பட்டியலை அவர் பெருமளவு எடுத்தாண்டார். முன்னுரையின் ஒரு பகுதி, மைக்கொம்புச் சொற்களை எள்ளிய வில்சனிடமிருந்தே பெறப்பட்டது! பொருள் கூறும் முறை மிகச் சுருக்கமானது. பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஓரிரு எளிய சொற்களே ஈடாக நிற்கும். பிரெஞ்சுச் சொல்லுக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. 'டபிள்யூ' எழுத்தில் ஒரு சொல்தானும் இல்லை. அவ்வெழுத்து இலத்தீனுக்கு உரியதன்று. அதனை முதலாகக் கொண்டவை பெரும்பாலும் பழைய ஆங்கிலச் சொற்கள், அவற்றுக்கு விளக்கம் வேண்டப்படவில்லை.

அகரவரிசையில் தேடுவது எப்படி என்பதையும் அவர் முன்னுரையில் கற்பிக்க வேண்டியிருந்தது. அம்முறை அன்று பொது வாசகர்க்கு அத்துணைப் புதிது. தமிழில் சிதம்பர ரேவண சித்தர், சொற்களை முதலெழுத்தின் வரிசையில் நிறுத்தி அகராதி நிகண்டை இயற்றியது 1594இல், கோட்றிக்குப் பத்தாண்டு முன்னர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பின்வந்தோருள் ஹென்றி கொக்கெறம் சுவையானவர். 1623இல் அவர் வெளியிட்ட அகராதியின் முதற்பகுதி அருஞ்சொல்லுக்கு எளிய சொல்லையும், இரண்டாம் பகுதி எளிய சொல்லுக்கு அருஞ்சொல்லையும் தந்தது. விளங்கிக்கொள்ள விழைந்தோர் மட்டுமன்றி, விளங்காவண்ணம் பேச விழைந்தோரும் அகராதி வாங்கினர் என்பதற்கு இவ்விரண்டாம் பகுதியே சான்று. தேவர், விலங்கு, பறவை முதலிய பெயர்களைத் தொகுத்த மூன்றாம் பகுதியோ திவாகரத்தின் தொகுதிகளை நினைவூட்டும்.

1656இல் தோமஸ் புளொன்ற் சொற்பிறப்பையும் சேர்த்துச் சுமார் 11,000 சொற்களுக்குப் பொருள் எழுதினார். கத்தோலிக்கராதலால் வழக்கறிஞர் தொழிலை நடத்த இயலாதிருந்தவர் இவர். இரண்டே ஆண்டுகளில் மில்ரனின் மருமகன் எட்வேட் பிலிப்ஸ் அவற்றைப் பெரிதும் கவர்ந்து தம் பெயரில் வெளியிட, புளொன்ற் 1673இல் பிழைகளைப் பட்டியலிட்டு ஒரு நூலே எழுதினார். திருடியவர் பிழைகளையும் சேர்த்தே திருடியிருந்தார்.

நாளாந்தச் சொற்களுக்கு அகராதியின் கதவு திறந்தது 1702இல், 'யே. கே.' என்னும் எழுத்துகளால் மட்டும் தம்மைக் குறித்த ஒருவரின் நூலிலே. கோட்றியின் நூலோ 1617இல் நான்காம் பதிப்போடு நின்றுபோயிற்று. அதன் முதற்பதிப்பில் எஞ்சியுள்ளதாக அறியப்படும் ஒரேயொரு பிரதி ஒக்ஸ்போட் பொட்லியன் நூலகத்தில் பேணப்பட்டு வருகின்றது.