பழுது பார்க்கும் உரிமை

கலப்பையின் கொழு மழுங்கினால் உழவன் கொல்லன் பட்டறைக்குச் செல்கின்றான். கொல்லன் அதனைக் காய்ச்சித் தட்டித் தருகின்றான். கொழுவின் உள்ளியல்பை அறிதல் குற்றம் என்று அவர்களை எவரும் தடுப்பதில்லை. கணினி என்னும் கருவியின் வரலாற்றில் மட்டும் அத்தகைய தடை எழுந்தது. அது எவ்வாறு எழுந்தது, அதனை எதிர்த்தோர் யாவர், அவ்வெதிர்ப்பினால் நம் ஊர்ப்புறப் பாடசாலைக்கு விளைந்த பயன் யாது என்பவற்றைச் சிறிது நோக்குவோம்.

தொடக்கத்தில் தடை இருக்கவில்லை. 1955இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கணினிகளைப் பயன்படுத்தியோர் 'ஷேர்' என்னும் பெயரில் ஒரு சங்கம் அமைத்தனர். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் பெற்றுத் திருத்திக்கொண்டனர். மென்பொருள் அந்நாளில் இயந்திரத்தோடு வந்த துணைப்பொருளே. 1969இல் அந்நிறுவனம் மென்பொருளுக்குத் தனிவிலை வைக்க முடிவுசெய்தது. அதன்பின் நிரல் மெல்ல மெல்லத் தனிச்சரக்காயிற்று. சரக்காகிய பொருளுக்கு வேலி வேண்டுமல்லவா? மூலநிரலை மறைத்துவைக்கும் வழக்கம் அவ்வாறு பெருகியது.

அவ்வேலியை எதிர்த்த இயக்கத்தின் தோற்றத்தில் ஓர் அச்சுப்பொறியின் கதை உண்டு. 1980ஆம் ஆண்டளவில் மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுகூடத்துக்கு வந்த புதிய அச்சுப்பொறியில் காகிதம் அடிக்கடி சிக்கியது. பழைய பொறி சிக்கும்போது அச்செய்தி பயன்படுத்துவோரின் திரைக்கு வருமாறு ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னர் நிரலைத் திருத்தியிருந்தார். புதிய பொறிக்கு மூலநிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் கேட்டபோது, இரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி அவர் மறுத்துவிட்டார். அண்டை வீட்டானுக்கு உதவுவதையே குற்றமாக்கும் ஏற்பாடு இது என ஸ்டால்மன் கண்டார். 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தார். பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் யாவர்க்கும் உரிமை தருகின்ற, திருத்தியதை வெளியிடுவோரும் அவ்வுரிமையைப் பிறர்க்கு அளித்தே ஆகவேண்டும் என விதிக்கின்ற பொது உரிமம் 1989இல் வெளிவந்தது.

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றிப் பிறரின் கருத்தைக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 21. மறு ஆண்டு அவருடைய லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, அப்பொது உரிமத்தின் கீழ் வந்தது. பல நாட்டார் கைகள் அதில் சேர்ந்தன.

இவ்வியங்குதளம் பரவியதற்கு விளம்பரம் காரணமன்று. பயனர் குழுக்களே காரணம். சென்னையில் 1998இல் ஒரு குழு தோன்றியது. இலங்கையிலும் லங்கா லினக்ஸ் பயனர் குழு எழுந்தது. அக்குழுக்களில் நிகழ்ந்த உதவியின் இயல்பை நாம் கவனித்தல் வேண்டும். ஒருவர் தம் கணினியை மேம்படுத்துகின்றார். அது மீண்டும் எழ மறுக்கின்றது. திரையில் தோன்றும் பிழைச்செய்தியை அப்படியே எழுதித் தருமாறு தோழர் கேட்கின்றார். மேம்படுத்தலின்போது பழைய கெர்னல் பெரும்பாலும் அழிக்கப்படுவதில்லை. தொடக்கப் பட்டியலில் அதனைத் தெரிவுசெய்தால் கணினி எழுந்துவிடும். அவ்வாறு எழுந்தால் பழுது வன்பொருளில் இல்லை, புதிய கெர்னலிலோ அதனோடு சேர்ந்த இயக்கியிலோ இருக்கக்கூடும் என்பது புலனாகும். பின்னர்ப் பதிவேட்டைப் படித்துக் காரணத்தை அணுகுகின்றனர். காரணம் அறிந்து பழுது நீக்கியவர் மறுமுறை தாமே பிறர்க்கு ஆசானாகின்றார்.

இவ்வுழைப்பு பொழுதுபோக்கு மட்டுமே எனக் கருதுவோர் 2004 டிசம்பர் 26ஐ நினைவுகூர்வாராக. ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. காணாமற்போனோர் பட்டியலையும் முகாம்களின் தேவைகளையும் ஒழுங்குபடுத்த இந்நாட்டுத் தொண்டர்கள் 'சஹன' என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். 'நிவாரணம்' என்பதே அச்சிங்களச் சொல்லின் பொருள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதை அதற்கு அளித்தது.

இனி நம் ஊர்ப்புறத்துக்கு வருவோம். மாத்தளையிலிருந்து இறத்தோட்டை, றிவர்ஸ்டன், இலுக்கும்புற வழியாகத் தும்பறை மலைகளைக் கடந்தால் பல்லேகமவை அடையலாம். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கலை நகரம் இடம்பெயர்ந்த பகுதி அது. இத்தகைய ஊரில் ஒரு பாடசாலைக் கணினி பழுதானால், அதனைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நகரத்துக்குச் செல்வதா? 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அடுத்த பதிப்போ குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு முதலியவற்றைக் கோருகின்றது. நன்றாக ஓடும் கணினிகள் பல, ஓர் அறிவிப்பினால் கழிவுப்பொருள் ஆகும் நிலைக்குத் தள்ளப்படுகின்றன. அவற்றுட் பல, எளிய லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவினால் மேலும் சில ஆண்டுகள் பாடம் சொல்லித் தரும். ஆனால் நிறுவித்தரவும் பழுது நீக்கவும் அருகில் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதற்குக் கேரளம் விடையளித்துள்ளது. அங்கே இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக் கணினிக் கல்வி ஒரே நிறுவனத்தின் இயங்குதளத்தைச் சார்ந்து வகுக்கப்பட்டபோது, கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கத்தினர் எதிர்த்தனர். அப்பத்தாண்டு முடிவதற்குள் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. ஆசிரியர்களே பயிற்றுநராயினர், மலையாளத்தில் பாடம் எழுதினர், ஒருவர் பள்ளியில் எழுந்த சிக்கலை மற்றொருவர் தீர்த்தார். வெளியிலிருந்து வந்த வல்லுநரை மட்டும் நம்பியிருந்தால் இது கைகூடியிராது.

இங்கே ஒரு முரண்பாட்டையும் நாம் மறைத்தல் ஆகாது. 2017 நவம்பர் தொட்டு உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. பெருநிறுவனங்கள் இக்கூட்டு உழைப்பின்மீது தம் வாணிகத்தைக் கட்டியெழுப்பியுள்ளன. கெர்னலுக்கு இன்று பங்களிப்போரில் பெரும்பாலோர் அந்நிறுவனங்களின் ஊதியம் பெறுவோர். பொதுச்சொத்தின் பயனை மூலதனம் மிகுதியாக அள்ளிக்கொள்கின்றது என்பது உண்மை. எனினும் அது பொது உரிமத்தின்படி வெளியிட்ட நிரல் நமக்கும் திறந்தே கிடக்கின்றது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் ஆற்றல் நம்மிடம் இல்லையெனில், உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

அவ்வாற்றலுக்கு நம்மிடையே உள்ள பெருந்தடை மொழி. பழுது நீக்கும் குறிப்புகளுள் மிகப்பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தமிழிலும் சிங்களத்திலும் அவற்றை எழுதி வைத்தல் ஆசிரியர் மாணவர்தம் கடன். சிரமதானம் என்னும் சொல்லை இந்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்கள் தம் ஆசிரியர் ஆரியரத்னவுடன் கனதொலுவ கிராமத்துக்கு மண்வெட்டியோடு சென்றனர். இன்றைய மாணவர் ஒரு திருப்புளியும் ஒரு நிறுவல் தட்டும் கொண்டு அடுத்த ஊர்ப் பாடசாலைக்குச் செல்லட்டும். பழுதை நீக்கிவிட்டு மட்டும் திரும்பாமல், நீக்கும் முறையை அங்குள்ள ஒரு பிள்ளைக்கேனும் கற்பித்துத் திரும்பட்டும்.