சந்தையிலேயே கிடைக்கும் விற்றமின் ஈ

மருந்தகத்தில் குளிசையாக விற்கப்படும் விற்றமின் ஈ, சுன்னாகம் சந்தையில் கச்சானிலும் முருங்கை இலையிலும் கிடைக்கிறது. 1922ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஹேர்பேட் எவன்ஸ், கத்தரின் பிஷப் ஆகியோர் கண்டறிந்த இச்சத்து, நமது கலங்களின் மென்சவ்விலுள்ள கொழுப்பு ஒட்சியேற்றத்தால் சிதைவதைத் தடுக்கிறது.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 15 மில்லிகிராம். 100 கிராம் கச்சானில் சுமார் 8 மில்லிகிராம் உண்டு. தேங்காயெண்ணெயில் மிகக் குறைவு. நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா வடிவம். உணவிலுள்ள எட்டு வடிவங்களையும் குடல் உறிஞ்சினாலும், ஈரல் அல்பா வடிவத்தையே தெரிந்தெடுத்துக் குருதிக்குள் அனுப்புகிறது. ஏனையவை பெரும்பாலும் சிதைந்து வெளியேறுகின்றன. கொழுப்பில் கரையும் சத்து என்பதால், முருங்கை இலையைத் தேங்காய்ப்பூவும் சிறிது எண்ணெயும் சேர்த்து வறையாகச் செய்வது நல்லது.

உணவிலிருந்து கிடைக்கும் அளவால் ஆபத்தில்லை. குளிசை அப்படியல்ல. 35,000க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற வட அமெரிக்க ஆய்வொன்றின் 2011ஆம் ஆண்டு முடிவுகளின்படி, நாளுக்கு 400 அலகு விற்றமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு, வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிடப் புரொஸ்டேட் புற்றுநோய் 17 வீதம் அதிகமாக ஏற்பட்டது. குருதி உறையாமலிருக்க வாபரின் எடுப்போருக்கு இரத்தக்கசிவு அபாயமும் கூடலாம். வைத்தியரைக் கேட்காமல் இக்குளிசையைத் தொடங்க வேண்டாம்.